கோடியக்கரைக் காட்டுநடையில் தலை எண்ணுதல்

குழுநடை என்பது, பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்த பதினைந்து முதல் முப்பது பேர் ஒரு விடுமுறை நாளில் ஒன்றாகப் புறப்பட்டு, காட்டு வழியே துண்டு துண்டாக நடந்து, மாலையில் மறுபடி ஒன்றாகிவிட்டதாக நம்பி வீடு திரும்பும் செயல். பாதயாத்திரைக்கு வேண்டுதல் உண்டு. ஊர்வலத்துக்குக் கோரிக்கை உண்டு. காலைநடைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டு உண்டு. குழுநடைக்கு இம்மூன்றும் கிடையாது. எதற்காக நடக்கிறீர்கள் என்று கேட்டால், காட்டைப் பார்ப்பதற்கு என்று உள்ளூர் நடைக் கழகத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் சொல்வார். ஆனால் அவர்கள் அன்று முழுவதும் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு அந்தப் பதில் போதாது. புறப்படும் இடத்தில், காட்டு வாயிலில், மேட்டின் உச்சியில், சோற்றுப் பொட்டலத்தின் முன்னால், திரும்பும் வேனின் படிக்கட்டில் என்று குறைந்தது ஐந்து முறை அவர்கள் ஒருவரையொருவர் எண்ணுகிறார்கள். இடையிடையே காடும் வருகிறது.

இந்தப் பழக்கத்தை ஆராயக் கோடியக்கரையைவிடத் தோதான இடம் அமையாது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே முறியும் மூலை அது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. கோடி என்ற பெயரே அதைச் சொல்லிவிடுகிறது: இதற்கு மேல் போக இடமில்லை. மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, அருவி இல்லை. இரண்டு பக்கம் கடல் வேலி போட்ட தட்டை நிலத்தில் ஒருவர் தொலைந்துபோவதற்குத் தனித்திறமை வேண்டும். அப்படியிருந்தும் கோடியக்கரைக்குப் போகும் எந்தக் குழுவும் முதல் எண்ணிக்கையில் முழுதாக இருந்ததில்லை. ஆகவே பிழை நிலத்தில் இல்லை என்பது தொடக்கத்திலேயே உறுதியாகிறது.

காட்டைப் பற்றியும் சிறிது சொல்லியாக வேண்டும். இது உலர் பசுமைமாறாக் காடு. மழை வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிட்டு மற்ற மாதங்களில் எட்டிப் பார்க்காவிட்டாலும் இலையை உதிர்க்காத மரங்கள் இங்கே வளர்கின்றன. பாலை, வீரை, காசா ஆகியவை மேலே. களா, சூரை, சங்கஞ்செடி ஆகியவை கீழே. மேலே உள்ளவை நிழல் தரும், கீழே உள்ளவை சட்டையைப் பிடிக்கும். நடுவே புல்வெளிகள் திறந்து கிடக்கும். அந்த வெளிகளில் மேயும் வெளிமானைக் காப்பதற்காகவே 1967இல் இது சரணாலயமாக்கப்பட்டது. காட்டுக்கு அப்பால் பரந்து கிடக்கும் சேற்றுவெளிகளையும் உப்பளங்களையும் தேடிக் குளிர்காலத்தில் பறவைகள் வருவதால் 2002இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

குழுவில் ஒருவர் தனித்து விடப்பட்டாரே என்ற கவலை இம்மண்ணுக்குப் புதிதல்ல. சேரமான் பெருமாளுடன் இந்தக் கரைக்கு வந்த சுந்தரர், காற்று வீசும் கடலோரத்தில் ஆளரவமில்லாத இடத்தில் கோடிக்குழகர் என்னும் சிவன் தனியே அமர்ந்திருப்பதைக் கண்டு, துணை இல்லாமல் இங்கே ஏன் இருக்கிறீர் என்று கேட்டுப் பதிகம் பாடினார். உடன் வந்தவர்களில் யார் விடுபட்டார் என்றுதான் இன்றைய நடைக் கழகச் செயலாளர்கள் கேட்கிறார்கள். சுந்தரர் ஏற்கெனவே அங்கே இருந்தவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இந்த முறையைப் பின்பற்றினால் என்ன ஆகும் என்பது இக்கட்டுரையின் கடைசியில் தெரியவரும்.

இப்பகுதியில் நடந்த நடைகளில் பெயர்பெற்றது 1930இல் நடந்தது. ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி, வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையிலேயே இருக்கிறது. நடைக் கழகத்தின் வேன் அதைக் கடக்கும்போது எல்லாரும் ஒரு நிமிடம் அமைதியாவார்கள், பிறகு யாராவது ஒருவர், "எத்தன பேரு நடந்தாங்க?" என்று தொடங்குவார். 98 என்பது பரவலாகச் சொல்லப்படும் எண். ஏறத்தாழ நூறு என்று எழுதுவோரும் உண்டு. தலைவரைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற சந்தேகம் அன்றைக்கே முளைத்துவிட்டது போலும்.

இந்தச் சந்தேகத்துக்கான கோட்பாட்டைத் தமிழுக்கு வகுத்துத் தந்தவர் வீரமாமுனிவர். 18ஆம் நூற்றாண்டில் அவர் எழுதி, 1822இல் லண்டனில் அச்சேறிய பரமார்த்த குருவின் கதையில், குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். அக்கரை ஏறியதும் ஒரு சீடன் எண்ணுகிறான், ஐந்துதான் வருகிறது. இன்னொருவன் எண்ணினாலும் ஐந்தே. எண்ணுபவன் தன்னை விட்டுவிடுகிறான் என்பது ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆறு ஒருவரை விழுங்கிவிட்டது என்று அழுகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் கூலி பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஓர் அடி வைத்து, அடிபட்டவரே எண் சொல்லும்படி செய்து ஆறாவது ஆளை மீட்டுக் கொடுக்கிறார். நகைச்சுவைக் கதை என்று பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுப்பது பெரிய தவறு. தலை எண்ணுவதில் இதுவரை பிழையே இல்லாத முறை அந்த ஒன்றுதான். நடைக் கழகங்களின் விதிமுறைகள் இடம் தராத ஒரே காரணத்தால் அது கைவிடப்பட்டிருக்கிறது.

கைவிட்ட முறைக்கு மாற்றாக இரண்டு வழக்கங்கள் புழங்குகின்றன. முதலாவது, வரிசையில் நிற்பவர்கள் தாமே எண் சொல்லிக்கொண்டு போவது. ஏழாம் எண்ணுக்கு உரியவர் வீட்டுக்குப் போன் பேசிக்கொண்டிருப்பார். பதினொன்றை இருவர் சொல்வார்கள். ஒரு சிறுவன் தன்னை எண்ணுவார்களா மாட்டார்களா என்று அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். இரண்டாவது, செயலாளர் விரலை நீட்டி எண்ணுவது. டெல்டாவில் நெல் அளப்பவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்வதில்லை, லாபம் என்பார்கள். நடைக் கழகங்களின் மூத்த செயலாளர்கள் பலர் களத்துமேட்டில் வளர்ந்தவர்கள் என்பதால் தலைகளையும் அப்படியே எண்ணுவார்கள்: லாபம், ரெண்டு, மூணு. லாபம் என்னும்போது விரல் அவருடைய மார்பைத் தொட்டதா, எதிரில் நின்றவரைச் சுட்டியதா என்பதில்தான் சிக்கல். தொட்டிருந்தால் கணக்குச் சரி. சுட்டியிருந்தால் ஒன்று குறையும். தொட்டபின் ஐயம் வந்து கடைசியில் இன்னொரு முறை தன்னைச் சேர்த்துக்கொண்டால் ஒன்று கூடும். ஆளை எண்ணினால் கண்படும் என்று முணுமுணுக்கும் ஒரு பெரியம்மா எந்தக் குழுவிலும் இருப்பார். நடைமுறையில் அவருடைய கட்சியே வென்றுவருகிறது.

இனி விளக்கத்தின் வசதிக்காக 24 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்ளலாம்.

புறப்படும் நேரம் காலை 6 மணி என்று குறித்திருப்பார்கள். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து இக்காட்டுக்கு ஆறுமணிக்குருவி என்றொரு சிறு பறவை வரும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் தவறாமல் குரல் கொடுப்பதால் வந்த பெயர். இமயமலை அடிவாரத்துப் பக்கமிருந்து நாட்டின் மறுமுனைக்கு வந்து சேரும் அது நேரம் தவறுவதில்லை; அடுத்த தெருவிலிருந்து வர வேண்டிய உறுப்பினர் 6.40க்கு வருகிறார். அவர் வருவதற்கு முன்பே முதல் எண்ணிக்கை நடந்து 22 என்று முடிந்திருக்கும். அவர் வந்ததும் 23 ஆகும். இன்னொருவருக்காக மேலும் இருபது நிமிடம் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களில் மிகவும் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர் செயலாளர். காத்திருப்பதும் அவருக்காகத்தான்.

இதற்கிடையில் பொருளாளரிடம் வேறோர் எண் இருக்கும். அவர் ஆளை எண்ணுவதில்லை, பணத்தை எண்ணுகிறார். கொடுக்காதவர் வரவில்லை என்பது அவருடைய கொள்கை. அவர் கணக்கில் அன்று வந்தவர்கள் 19. சாப்பாட்டுப் பொறுப்பாளரிடம் மூன்றாவது எண் இருக்கும். இது பொட்டலங்களின் எண்ணிக்கை. முந்தின இரவே முடிவானது. கடைசி நேரத்தில் வராமல் போனவர்களையும் சேர்த்துக்கொண்டது. மூன்று எண்களையும் கூட்டி மூன்றால் வகுப்பது ஒரு தீர்வாகத் தோன்றலாம். சில கழகங்கள் செய்தும் பார்த்திருக்கக்கூடும். மூன்றில் ஒரு பங்கு மனிதர் கிடைத்தால் அவரை வேனின் எந்த இருக்கையில் உட்கார வைப்பது என்ற கேள்விக்கு விடை கிடையாது.

வேதாரண்யத்தின் பழைய பெயர் திருமறைக்காடு. அங்கே அடைத்துக் கிடந்த கோயில் கதவை அப்பர் ஒரு பதிகம் முழுவதும் பாடித் திறந்தார், சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்தார் என்று புராணம் சொல்கிறது. திறப்பதைவிட அடைப்பது எளிது என்ற இந்த விதி வனத்துறை வாயிலிலும் மாறாமல் இருக்கிறது. கட்டணம், அடையாள அட்டை, தண்ணீர்ப் புட்டிகளைத் திரும்பக் கொண்டுவருவோம் என்ற உறுதிமொழி எல்லாம் முடிந்தபின் பதிவேட்டில் ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்: ஆட்கள் எத்தனை? செயலாளர் திரும்பிப் பார்க்காமல் 24 என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். அந்த நொடியிலிருந்து அதுவே உண்மை. காட்டுக்குள் எத்தனை பேர் இருந்தாலும் பதிவேட்டில் இருப்பவர்கள் 24 பேர். மாலையில் அதே 24 பேர் வெளியே வந்தாக வேண்டும். வழிகாட்டியாக ஒரு வாட்ச்சரும் உடன் வருவார். அவர் அரசுப் பணியாளர் என்பதால் கணக்கில் சேரமாட்டார். இது எல்லாருக்கும் தெரியும். பிற்பகலில் எல்லாருக்கும் மறந்துபோகும்.

நடக்கத் தொடங்கிய கால் மணி நேரத்தில் குழுவுக்குத் தலை, வயிறு, வால் என்ற மூன்று உறுப்புகள் தோன்றிவிடும். தலையில் இருப்பவர்கள் இருவர் அல்லது மூவர். புதிய காலணி வாங்கியவர்கள் அல்லது ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள். வயிற்றில் பன்னிரண்டு பதினைந்து பேர். இவர்கள் காட்டுக்குள் வந்திருப்பதை அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. சம்பந்தி வீட்டுச் செய்தி, வீட்டுக்கடன் வட்டி, குறுவைத் தண்ணீர் ஆகிய மூன்று பொருள்களைப் பேசி முடிக்கும்வரை நடப்பார்கள். வால் என்பது தேங்கி நின்றவர்களின் தொகுப்பு. குனிந்து பூவைப் படம் எடுப்பவர், காலணிக்குள் புகுந்த மணலைத் தட்டுபவர், அவருக்குத் துணையாக நிற்பவர், துணையாக நிற்பவரின் பிள்ளை.

தலைக்கும் வாலுக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கலாம் என்பதற்கு மலையேறும் சங்கங்கள் பல விதிகள் வைத்திருக்கின்றன. தமிழில் ஏற்கெனவே ஓர் அளவு உண்டு: கூப்பிடு தூரம். ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தொலைவு அது. நல்ல அளவுதான். ஆனால் அளவை வகுத்த காலத்தில் கூப்பிட்டவுடன் ஓ என்று பதில் குரல் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய உறுப்பினர் கையைத் தூக்கிக் காட்டுகிறார். சூரைப் புதருக்குப் பின்னால் தூக்கிய கை யாருக்கும் தெரிவதில்லை. கடலோரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். வாலிலிருந்து தலைக்குப் போகும் கூப்பிடு தூரமும் தலையிலிருந்து வாலுக்கு வரும் கூப்பிடு தூரமும் ஒன்றல்ல.

நேரக் கணக்கில் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி உலகெங்கும் பயன்படுகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர். ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். கோடியக்கரையில் ஏற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லாததால் 6 கிலோமீட்டர் தடத்தை 1 மணி 12 நிமிடத்தில் முடித்துவிடலாம். குழுநடை அதைச் சாப்பாட்டு வேளைவரை இழுக்கிறது. நெய்ஸ்மித்தின் சூத்திரத்தில் தாவரப் பெயர் விவாதம் என்ற உறுப்பு இல்லாததே காரணம். ஒரு செடியைக் காட்டி ஒருவர் களா என்பார். இன்னொருவர் காரை என்பார். மூன்றாமவர் எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர் என்பார், ஆனால் அந்தப் பெயர் அவருக்கு நினைவுக்கு வராது. அது நினைவுக்கு வரும்வரை வயிறு முழுவதும் நிற்கும். தலைக்கு இந்த விவரம் தெரியாது. இடையே சூரைமுள் வேறு. அதன் முள் பின்னோக்கி வளைந்தது. முன்னே இழுக்க இழுக்க இறுகும், ஓரடி பின்வாங்கினால் விட்டுவிடும். பின்வாங்குவதைத் தோல்வியாகக் கருதுபவர்கள் அங்கேயே கால்மணி நேரம் நிற்கிறார்கள்.

சேற்றுவெளியின் விளிம்பு வந்தால் நிற்பது உறுதி. கல்கியின் பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிப் புதைசேற்றில் இறங்கி, அவளாலேயே காப்பாற்றப்படும் இடம் கோடிக்கரை. ஆகவே ஈரமண்ணைக் கண்டதும் குழுவில் ஒருவர் அந்தக் காட்சியை முழுமையாகச் சொல்லத் தொடங்குவார். கேட்பவர்கள் எல்லாரும் படித்தவர்கள், திரைப்படமும் பார்த்தவர்கள் என்பது அவரைத் தடுக்காது. கதை முடியும்போது சொல்பவரின் இடது காலணி சேற்றுக்குள் இருக்கும்.

வழி கேட்பதிலும் ஒரு தனி வழக்கம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் இந்தக் கரை வழியாகத்தான் உள்ளே வந்தது. காட்டில் ஏராளமான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதற்கு முன்பே வந்து பழகிய உறுப்பினர்கள் இன்றும் பழைய மரங்களை வைத்தே வழி சொல்கிறார்கள். "அங்க ஒரு பெரிய பாலை நிக்கும், அதுகிட்ட இடது பக்கம் திரும்பணும் தம்பி." இல்லாத மரத்தின் அருகே திரும்புவது புதியவர்களுக்குக் கடினம். வாட்ச்சர் ஒருவருக்குத்தான் அந்த மரம் நின்ற இடம் இன்னும் தெரியும், அவரோ வயிற்றில் குறுவைத் தண்ணீர் பற்றிய பேச்சில் மாட்டியிருப்பார்.

விலங்குகளும் இந்தக் குழுவை எண்ணுகின்றன என்பதை இதுவரை போதிய அளவு கவனிக்கவில்லை. முதலில் எண்ணுவது ஆள்காட்டி. ஆள் வருவதைக் காட்டிக் கொடுப்பதால் பெற்ற பெயருக்கு அது ஒரு நாளும் துரோகம் செய்ததில்லை. தலை வரும்போது ஒரு முறை கத்திக்கொண்டு எழும்பும். வயிறு வரும்போது இரண்டாம் முறை. சற்று அடங்கியபின் நெடுநேரம் கழித்து வாலுக்காக மூன்றாம் முறை. குழு எத்தனை துண்டாகிவிட்டது என்பதை அறிய இதைவிடத் துல்லியமான கருவி கிடையாது. ஆனால் கத்தலைக் கேட்டதும் உறுப்பினர்கள் பறவையைத்தான் பார்க்கிறார்கள், பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெளிமானின் நிலை வேறு. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெளுத்த வயிறுமாக நிற்கும் கிடாவைப் பார்ப்பதற்கென்றே பலர் வருகிறார்கள். தலையில் செல்பவர்கள் பார்ப்பது அதன் பின்புறத்தை, அதுவும் தொலைவில். வயிற்றில் செல்பவர்களின் பேச்சுச் சத்தம் அவர்களுக்கு முன்னே செல்வதால் அவர்கள் பார்ப்பது வெறும் புல்லை. கூட்டம் கடந்துவிட்டது என்று எண்ணி மந்தை மறுபடி வெளிக்கு வரும்போது அங்கே நிற்பவர், காலணியில் மணல் தட்டிக்கொண்டிருக்கும் வால். எண்ணிக்கையில் குறைந்தவர்களின் பட்டியலும் வெளிமானைக் கண்டவர்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றே என்பது இந்த ஆய்வில் கிடைத்த ஒரே உறுதியான முடிவு. ஓடி வந்து சேர்ந்துகொண்டு அவர்கள் அதைச் சொல்லும்போது யாரும் நம்புவதில்லை. எங்கே போய்விட்டீர்கள், உங்களால் எல்லாருக்கும் தாமதம் என்பதே பதிலாகக் கிடைக்கும். படம் காட்டினாலும் பயனில்லை. படத்தில் புல்லும் ஒரு கறுப்புப் புள்ளியும் இருக்கும்.

காட்டில் திரியும் மட்டக்குதிரைகளைப் பற்றி ஒரு வரி போதும். யாரோ எப்போதோ வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள், இப்போது யாருக்கும் அடங்காதவை. மந்தையாகவே நடக்கின்றன, ஒன்றும் பின்தங்குவதில்லை, எண்ணிக்கொள்வதும் இல்லை.

மதியத்துக்குள் குழு இராமர் பாதத்தை அடையும். இராமர் நின்று இலங்கையை நோக்கிய இடம் என்று நம்பப்படும் மணல்மேட்டில் சிறு மண்டபத்துக்குள் கல்லில் பாதச் சுவடுகள் இருக்கின்றன. சரணாலயத்தில் மிக உயரமான இடம் இதுதான். இரண்டு தென்னைமர உயரம்கூட இல்லாத இந்த மேட்டில் ஏறியவுடன் உறுப்பினர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவார்கள்; நாலாபுறமும் பார்த்து, மேலே வந்தால்தான் தெரிகிறது என்பார்கள். உச்சி என்றால் எண்ண வேண்டும். செயலாளர் எண்ணுகிறார்: 25. காலையில் ஒன்று குறைந்ததைவிட இப்போது ஒன்று கூடியிருப்பது அவரை ஆழமாகப் பாதிக்கிறது. குறைந்தால் தேடலாம். கூடினால் என்ன செய்வது என்று எந்த விதிமுறையிலும் எழுதவில்லை. காலையில் தன்னை விட்டதை ஈடுகட்டத் தன்னை இருமுறை எண்ணியிருக்கலாம் என்று அவரே முடிவுசெய்து ஒன்றைக் கழித்துவிடுகிறார். அருகில் நின்ற வாட்ச்சர் பீடியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, போகலாமா சார் என்கிறார்.

எண்ணும் முறைகளில் பொட்டல முறை மேம்பட்டது என்று கருதுவோர் உண்டு. ஆள் இருக்கும் இடத்தில் இல்லாமல் போகலாம். பசி அப்படிப் போவதில்லை. புளிசாதம் ஒன்று, தயிர்சாதம் ஒன்று, ஊறுகாய் ஒரு சிட்டிகை, வாழையிலையில் வைத்துச் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டியது ஒரு பொட்டலம். வாட்ச்சர் காட்டிய நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் எஞ்சியது எத்தனையோ அத்தனை பேர் இல்லை என்று பொருள். கோட்பாட்டில் குறை காண முடியாது. நடைமுறையில் வாட்ச்சருக்கு ஒன்று கொடுக்காமல் சாப்பிட முடியாது. அதனால் ஒன்று குறையும். பொருளாளருக்கு அன்று விரதம் என்பதால் குறைந்தது சரியாகிவிடும். நாட்டுக்குரங்கு ஒன்று பிரிக்காத பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடும். அதை இழந்தவருக்குப் பலரும் ஆளுக்கொரு பிடி கொடுப்பதில் அவர் எல்லாரையும்விட அதிகமாகச் சாப்பிட்டிருப்பார். இலையையும் தாளையும் திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பதால் காலிப் பொட்டலங்களை மறுபடி எண்ணுவார்கள். அதில் ஒன்று குறையும். மரத்தின் மேல் இருப்பதை யார் கணக்கில் சேர்ப்பது என்று முடிவாவதில்லை.

இந்த இடத்தில் 1930க்கு ஒரு முறை திரும்ப வேண்டியிருக்கிறது. சத்தியாகிரகிகளுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்க்காரர்கள் கையால் கொடுக்கவில்லை; வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வருகிறவர்களை நின்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு வழியில்லை. எண்ணாமல் கட்டிய சோற்றில் ஒரு படையே வேதாரண்யம்வரை நடந்தது. எண்ணிக் கட்டும் சோறு ஒரு வேளைக்குக் குறைகிறது.

மாலைச் சாய்வில் கடலோரச் சேற்றுவெளிக்குப் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒரு பகுதி எழும்பினால் கோடு இளஞ்சிவப்பாகும். பறவை நோக்குபவர்களுக்கு இவற்றை எண்ண ஒரு முறை உண்டு. முதலில் ஒரு நூறை எண்ணிக்கொண்டு, அந்த நூறு கண்ணில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதே அளவில் மொத்தக் கூட்டத்தையும் அளந்துவிடுவார்கள். இரண்டு கண்ணாடி வில்லைக்குள் ஆயிரக்கணக்கான பறவைகளை அரை நிமிடத்தில் மதிப்பிட்டுக் குறித்துக்கொள்ளும் அதே உறுப்பினர், பக்கத்தில் நிற்கும் 24 பேரை மூன்று முறை எண்ணி மூன்று விடை சொல்கிறார். பூநாரைகள் எண்ணும்போது தேநீர் கேட்டு நகர்வதில்லை என்பது அவர் தரப்பு விளக்கம்.

1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறது. எண் பொறித்த மெல்லிய வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டால், அந்தப் பறவை எந்த நாட்டில் பிடிபட்டாலும் அது எது, எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். கைக்குள் அடங்கும் உள்ளான் ஒன்றைக் கடல் தாண்டியும் அடையாளம் காண முடிகிறபோது, அடுத்த வளைவில் காணாமற்போகும் உறுப்பினருக்கும் இதையே செய்தால் என்ன என்ற யோசனை எழுவது இயல்பு. எதிர்ப்புகள் மூன்று வகை. காலில் வளையம் என்றால் பெண்கள் அதை மெட்டி என்று நினைத்து வெள்ளியில் கேட்பார்கள் என்பது முதலாவது. ஆண்களுக்கு அது விலங்கு போலத் தோன்றும் என்பது இரண்டாவது. வளையத்தைப் படிக்க ஆளைப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடிந்தால் வளையம் எதற்கு என்பது மூன்றாவது. மூன்றாவதற்கு இதுவரை பதில் இல்லை.

திரும்பும் எண்ணிக்கையே எல்லாவற்றிலும் சிக்கலானது. காலையில் எடுத்துக்கொண்ட குழுவையே தொடர்ந்தால் கணக்கு இப்படிப் போகும். தலையைச் சேர்ந்த இருவர் யாரிடமும் சொல்லாமல் முன்னே நடந்து ஊருக்குள் தேநீர்க்கடைக்குப் போய்விட்டார்கள். வேனருகில் இருப்பவர்கள் 22. செயலாளர் மற்றவர்களை எண்ணுகிறார்: 21. பரமார்த்த குருவின் பாடத்தை இதற்குள் கற்றுத் தேர்ந்துவிட்டதால் தன்னைச் சேர்க்கிறார்: 22. இருவர் இல்லை. கூச்சல் எழுகிறது, பெயர்கள் அழைக்கப்படுகின்றன, ஆள்காட்டி எழும்புகிறது. விடைபெற வந்த வாட்ச்சரும் கதவைத் திறக்க இறங்கிய ஓட்டுநரும் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து நிற்கிறார்கள். செயலாளர் மறுபடி எண்ணுகிறார்: லாபம், ரெண்டு, மூணு... 24. எல்லாரும் கைதட்டுகிறார்கள். பதிவேட்டில் வெளியே 24 என்று எழுதிக் கையெழுத்தாகிறது. உள்ளே போன எண்ணும் வெளியே வந்த எண்ணும் பொருந்துவதால் வாயிற்காவலர் நிம்மதியாகப் பதிவேட்டை மூடுகிறார்.

தேநீர்க்கடை முன்பு இருவர் நடுச்சாலையில் நின்று கையாட்டுகிறார்கள். வேன் நிற்கிறது. நம்மவர்கள் என்று தெரிந்து ஏற்றிக்கொள்கிறார்கள். உள்ளே இடம் கிடைத்து உட்கார்ந்தபின் யாரோ ஒருவர், 24 பேரும் ஏற்கெனவே வேனில் இருந்தோமே, இப்போது 26 அல்லவா ஆக வேண்டும் என்று கேட்கிறார். செயலாளர் இனி எண்ணுவதில்லை என்று மறுத்துவிடுகிறார். நாள் முழுவதும் நடக்காதவர், ஆகவே பக்கச் சார்பற்றவர் என்ற காரணத்தால் பொறுப்பு ஓட்டுநரிடம் போகிறது. அவர் கண்ணாடியில் பார்த்து நிதானமாக எண்ணி, 24 சார் என்கிறார். அன்று குழு முழுதாக இருந்தபோது எண்ணியவற்றில் சரியாக வந்தது அது ஒன்றே.

"அண்ணே, உங்கள விட்டுட்டீங்க," என்கிறார் செயலாளர்.

ஓட்டுநர் யோசித்துத் தன்னையும் சேர்த்து 25 என்று திருத்துகிறார். கூடுதலாக இருக்கும் அந்த ஒருவரை எந்த ஊரில் இறக்கிவிடுவது என்ற பேச்சு அகத்தியம்பள்ளியைத் தாண்டிய பிறகும் நடந்துகொண்டிருக்கும்.